ஆழ்வார்திருநகரி விலாசத்துக்கு வந்த கவர்

குற்றாலலிங்கத்துக்கு மனிதர்களின் முகம் மனதில் நிற்காது. விலாசம் நின்றுவிடும். ஒருமுறை சொந்தத் தாய்மாமன் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் எதிரே வந்து, "என்னல மருமவனே, சௌக்கியமா?" என்று கேட்டபோது யாரென்று தெரியாமல் விழித்தார். மாமா ஊர்ப்பேரைச் சொன்னதும் தெரு, கதவு எண், பின்கோடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று மாமாவுக்குத் தெரியவில்லை.

திருநெல்வேலி ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில் பன்னிரண்டு வருஷமாகத் தபால் பிரிக்கிறவர் அவர். ரயிலில் வந்து இறங்கும் பைகளை உடைத்து, ஊர்வாரியாகக் கட்டி, அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவதுதான் அங்கே வேலை. சுவரோரம் கட்டம் கட்டமாக மர அலமாரிகள். கட்டத்துக்கு ஓர் ஊர். திருச்செந்தூர் ரயில் பாதை ஊர்களெல்லாம் குற்றாலலிங்கத்தின் அலமாரி. பக்கத்து அலமாரி என்னுடையது. நான் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கவர்களைத் தூக்கிப் போடும்போதே அவர் வீடுகளைப் பற்றிப் பேசுவார். "உடன்குடிக்காரருக்கு சிங்கப்பூர் கடுதாசி நின்னு மூணு மாசமாச்சுலே. மவன் என்ன கோவத்துல இருக்கானோ." ஆழ்வார்திருநகரியில் முத்துசுப்பிரமணியன் என்று ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்கு மூலையில் மஞ்சள் தடவிய கவர்கள் வர ஆரம்பித்திருந்தன. "சாருக்குப் பொண்ணு இருக்கு போல. ஜாதகம் வருது. நல்ல இடமா அமையணும்." பார்த்தே இராத மனிதருக்காகக் கவலைப்படுவார்.

குற்றாலலிங்கத்துக்கு வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. புருஷனை இழந்து திரும்பி வந்த அக்கா கோமுவோடு டவுனில் குடியிருந்தார். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த மறு மாதம் ஒரு சாயங்காலம், ஆற்றுப் பாலத்துக்குக் கீழே, ஆண்கள் ஆண்களைத் தேடி வந்து நிற்கிற இடத்தில் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அபூர்வமாக என் முகம் மட்டும் அவருக்கு மறக்கவில்லை. இருவரும் வேறு வேறு திசையில் திரும்பிக்கொண்டோம். மறுநாள் அலமாரி முன்னால் நின்றபோது, "பசை டப்பாவ இங்கன தள்ளுலே" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

தொண்ணூற்றேழு ஆனி மாதம் அவர் மெலிய ஆரம்பித்தார். சாயங்காலமானால் காய்ச்சல். இருமல். நாக்கில் மாவு பூசினாற்போல வெள்ளை. எங்களோடு தபால் பிரிப்பவர்களில் மூத்தவரான தில்லைநாயகம் அண்ணாச்சிக்கு யாரையாவது சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"என்னவே, சாரக்காத்து அடிக்கி. சன்னலச் சாத்தும், பறந்துருவீரு."

"சாத்துதேன் அண்ணாச்சி."

"வீட்டுல ஒரு பொம்பள இருந்து சமைச்சுப் போட்டா உடம்பு தேறும். கேட்டாத்தான?"

குற்றாலலிங்கம் சிரித்துக்கொண்டே கவர்களைக் கட்டங்களில் போட்டார். ஒரு கவர் தவறிக் கீழே விழுந்தது. குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று.

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஷிப்ட் முடிந்ததும் என்னை ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் ஓரமாக உட்காரவைத்தார். டீயைத் தொடவில்லை.

"கணேசு, ஒரு கவர் வரும்லே. மெட்ராஸ்லருந்து, ஆழ்வார்திருநகரி முத்துசுப்பிரமணியன் சாருக்கு. பிரிண்ட் போட்ட கவரா இருக்கும். ஏதோ ஆய்வுக்கூடம்னு போட்டிருக்கும். நான் இல்லாத நேரம் வந்துச்சுன்னா, சத்தமில்லாம எடுத்து வச்சிரு."

ஒரு கவரை எடுத்து வைப்பது என்றால் என்ன என்று அவர்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். வேலை போகும். போலீஸும் வரலாம்.

"அது அவருக்கு இல்லலே. எனக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மேஜையைப் பார்த்துக்கொண்டே, ஒரு பட்டியலை வாசிப்பதைப் போல.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னாராம். ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் நோட்டை விரித்துப் பேரைக் கேட்டாள். அந்த நொடியில் தன் பேரைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் சரி என்று தோன்றியது. வாயில் வந்தது அன்று காலை கடைசியாகக் கையிலிருந்த கவரின் விலாசம். முத்துசுப்பிரமணியன், தெரு, கதவு எண், ஊர், பின்கோடு. அந்தப் பெண்ணே பேனாவை நிறுத்தி, "பைய சொல்லுங்க சார்" என்றாளாம்.

"ஒரு ராமசாமி, கிருஷ்ணசாமின்னு சொல்லத் தெரியல பாரு. பொய்ப்பேருன்னா பொய்யா ஒரு பேரு வேணும்லா? எனக்கு வாயில வாறதெல்லாம் உள்ள விலாசந்தான்."

நான்கு நாள் கழித்துப் போனபோது அவள் மேஜையைவிட்டு எழுந்து தள்ளி நின்று பேசினாள். எச்.ஐ.வி. இருக்கிற மாதிரி தெரிகிறது, உறுதி செய்ய வேண்டும், இன்னொரு தடவை ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்புவோம், முடிவை அவர்களே உங்கள் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவிடுவார்கள், இங்கே வராதீர்கள். விலாசத்தை மாற்ற வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து இன்னொருவர் எட்டிப் பார்த்தார். கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"டாக்டர் என்னண்ணே சொன்னாரு?"

"அவரு எந்த லாட்ஜு, எந்தப் பொம்பளன்னு கேட்டாரு. ஒரு பொம்பளயுமில்லன்னு எப்படிச் சொல்ல? தென்காசியில ஒருத்தின்னேன். அதையும் எழுதிக்கிட்டாரு." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "மெட்ராஸ்ல ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மட்டும் இதுக்குப் பாக்காங்களாம். ஆனா உறுதிச் சீட்டு இல்லாமப் போனா வாசல்லயே திருப்பிருவாங்களாம். அந்தச் சீட்டு எனக்கு வேணும்லே. அது அந்த சார் வீட்டுக்கும் போயிரக் கூடாது. பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்காரு. இப்பிடி ஒரு காயிதம் அந்த வீட்டுல போய் விழுந்தா என்ன ஆவும்?"

எங்களைப் போன்றவர்கள் அந்த நோயைப் பற்றி அப்போது நம்பிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: பெண்ணிடம் போனால்தான் வரும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில்கூடக் கதவோரம் ஒரு பெண்தான் நின்றாள். பாலத்துக்குக் கீழே வருகிறவர்கள் அதைப் பார்த்து, நமக்கென்ன என்று நடந்து போனோம். அன்று டீக்கடையில் என் கை ஈரமாகியிருந்தது. கண்ணாடி டம்ளரில் அதன் தடம் பதிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் மெட்ராஸ் வண்டிக்காகக் காத்திருந்தோம். குற்றாலலிங்கம் வார விடுப்பைக்கூட மாற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். பை உடைந்து கடிதங்கள் மேஜையில் கொட்டும்போது அவருடைய விரல்கள் நிதானமாக இருக்கும். நீளக் கவர் ஒன்று தெரிந்தால் இருவரும் நிமிர்வோம். மின்சார வாரியமாக இருக்கும். ஒரு நாள் அந்த வாத்தியாருக்கே ஒரு கவர் வந்தது. மஞ்சள் தடவியது. அதைக் கட்டத்தில் போட்டுவிட்டு, அவர் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அவருடைய அலமாரியில் தில்லைநாயகம் அண்ணாச்சி நின்றார். மெட்ராஸ் பை உடைந்தது. பத்து நிமிஷம் இருக்கும். அண்ணாச்சியின் கையில் ஒரு வெள்ளைக் கவர், இடது மூலையில் நீல எழுத்து. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விலாசத்தைப் படித்தார்.

"வாத்தியாருக்கு இப்ப ஆஸ்பத்திரிக் கடுதாசில்லாம் வருது," என்றார். ஆழ்வார்திருநகரி கட்டத்தில் போட்டார்.

நான் நான்கடி தூரத்தில் நின்றேன். "அண்ணாச்சி, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாக்கேன்" என்று சொன்னால் போதும். அந்த வாக்கியம் முழுதாக என் வாயில் இருந்தது. அவர் சந்தேகப்பட்டால்? ஏன்லே அந்தக் கட்டத்தையே பாக்க என்று கேட்டுவிட்டால்? கேட்டால் என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கட்டத்திலிருந்த கடிதங்கள் கட்டாயின. கட்டு பைக்குள் போனது. அரக்கு உருகிச் சொட்டியது. அண்ணாச்சி முத்திரையை அழுத்தினார். திருச்செந்தூர் வண்டி புறப்படும் சத்தம் கேட்கும்வரை நான் அப்படியே நின்றேன்.

மதியம் குற்றாலலிங்கத்தின் வீட்டுக்குப் போனேன். கோமு அக்கா கதவைத் திறந்தார். "வாப்பா. ராத்திரியெல்லாம் வேர்த்து ஊத்துது. எந்த டாக்டர்ட்டயும் கூட்டிட்டுப் போவ விடமாட்டேங்கான். நீயாவது சொல்லு."

பாயில் கிடந்தவரிடம் குனிந்து, "போயிட்டுண்ணே" என்றேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமைதான் அவரால் எழுந்து நிற்க முடிந்தது. திருச்செந்தூர் பாசஞ்சரில் இருவரும் ஏறினோம். சன்னலுக்கு வெளியே வாழைத் தோப்புகள் வந்துகொண்டே இருந்தன. செய்துங்கநல்லூர் தாண்டியதும், "என்ன சொல்லிக் கேக்கப் போறீங்க?" என்றேன்.

"தெரியல. போலீஸக் கூப்பிட்டாருன்னா நீ கூட நிக்காத. ஸ்டேஷனப் பாத்து நடந்துரு, என்ன?"

விலாசம் விசாரிக்கத் தேவைப்படவில்லை. முதல்முறையாக அந்த ஊரில் இறங்கியவர், எண்களைப் பார்த்தபடி நேராக நடந்து அந்தக் கதவின் முன் நின்றார். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றோம்.

"அப்பாக்கு மூணு நாளா உடம்பு சரியில்லை. பின்கட்டுலயே இருக்கார். யார்கிட்டயும் பேசமாட்டேங்கறார்." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க மாப்பிள்ளை வீட்டு மனுஷாளா? நாளைக்கு வரவேண்டாம்னு அப்பா தந்தி கொடுத்துட்டாரே."

"இல்லம்மா. தபாலாபீஸ்லருந்து வாறோம்."

பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியாக, சவரம் செய்யாத நரைத் தாடியோடு. கொடியில் அவருடைய வேட்டியும் துண்டும் மட்டும் தனியாகக் காய்ந்தன. தரையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். மகளை உள்ளே போகச் சொன்னார்.

"சார், உங்களுக்கு மெட்ராஸ்லருந்து ஒரு கவர் வந்திருக்கும்," என்றார் குற்றாலலிங்கம்.

வாத்தியார் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிலேர்ந்து வரேளா? நானே வந்துடறேன். இங்க வேண்டாம். குழந்தை காதுல விழப்படாது."

"அது உங்களுக்கு வந்தது இல்ல சார்."

"என் பேர் போட்டிருந்ததே."

"பேரு உங்களோடது. ரத்தம் என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. குற்றாலலிங்கம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஆய்வுக்கூடம், நோட்டு, வாயில் வந்த பேர். வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார், பாடம் ஒப்பிக்கிற பையனைக் கேட்பதுபோல.

"போன தையில ப்ராஸ்டேட் ஆபரேஷன் பண்ணிண்டேன். ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினா. அதுல வந்துடுத்துன்னு... வயசு முப்பத்தாறுன்னு போட்டிருந்தது. தப்பா அச்சடிச்சுட்டான்னு நினைச்சேன்." நிறுத்தினார். "அப்போ, நேக்கு இல்லையா?"

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா உங்களுக்கு இல்ல. எனக்குத்தான்."

வாத்தியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துண்டை எடுத்தபோது அந்த முகத்தில் உயிர் வந்திருந்தது. அதை மறைக்க முயன்றார், முடியவில்லை. எதிரே நின்ற குற்றாலலிங்கத்தின் முகம் சாம்பலாக இருந்தது.

"என்ன சார் போட்டிருந்தது அதுல?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "இருக்குன்னுதான். பாசிடிவ்."

சாரல் காற்றில் கொடியிலிருந்த வேட்டி படபடத்தது. அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "என் பேர்தான் கிடைச்சுதா உமக்கு? நாப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன்யா நான். மூணு நாளா ஆத்துக்காரி தொட்ட பாத்திரத்தைத் தொடலை. வர இருந்த சம்பந்தத்தை நிறுத்தினேன். ஏன்னு கேட்டு அவ அழறா. நான் என்னன்னு சொல்லுவேன்? எதிரிக்குக்கூட ஒருத்தன் இதைப் பண்ணமாட்டான்!"

"தப்புதான் சார்."

"என்னை எப்படித் தெரியும் உமக்கு?"

"தெரியாது சார். பன்னெண்டு வருஷமா உங்க கடுதாசிய நான்தான் பிரிக்கேன்." கைகளைக் கட்டிக்கொண்டார். "அந்தச் சீட்ட மட்டும் குடுத்திருங்க. அது இருந்தாத்தான் மெட்ராஸ்ல மருந்து குடுப்பாங்க."

வாத்தியார் துண்டை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "அது இல்லை ஓய்," என்றார். "நேத்திக்குக் காலம்பற குளிக்கப் போறச்சே, கிழிச்சு தாமிரபரணில விட்டுட்டேன். யார் கண்ணுலயும் பட்டுடக்கூடாதேன்னு."

குற்றாலலிங்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். இருமல் பிடித்துக்கொண்டது. அது நிற்கும்வரை மூவரும் காத்திருந்தோம். வாத்தியார் எழுந்து உள்ளே போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றோடும் பென்சிலோடும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக எழுதினார். பரிசோதனை எண். தேதி. கையெழுத்துப் போட்டிருந்த டாக்டரின் பேர். எந்த முறையில் பார்த்தது என்கிற ஆங்கில வரி.

"ராத்திரி பூரா அதையே படிச்சிண்டிருந்தேன். ஒரு எழுத்து தப்பாது. இந்த நம்பரைக் காட்டினா அவா விசாரிச்சுப்பா."

தாளைக் கல்லின் மேல் வைத்தார். காற்றில் அது நகர்ந்தது. எட்டிப் பிடித்து எடுத்து, குற்றாலலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"கிளம்பும். இனிமே எங்கயாவது பேர் கேட்டா உம்ம பேரைச் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை குற்றாலலிங்கம் மெட்ராஸ் வண்டி ஏறினார். அக்காவிடம் நெஞ்சுச் சளி என்று மட்டும் சொல்லியிருந்தார். அங்கே யாரையும் தெரியாது. நானும் வருகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் லீவு போட்டா அண்ணாச்சிக்கு மூக்குல வேர்த்துரும்," என்றார். வண்டி நகர்ந்தபோது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காலண்டர் தாள் அதில் இருந்தது.

ஒரு வாரம் தகவல் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. வாசலில் திருப்பிவிட்டார்களோ, எங்கே படுத்துக் கிடக்கிறாரோ. கோமு அக்கா தினமும் ஸ்டேஷனுக்கே வந்து கேட்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரம், மெட்ராஸ் பை உடைந்து கொட்டியபோது, தில்லைநாயகம் அண்ணாச்சி ஒரு இன்லேண்டை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"லே கணேசு, ஒனக்குத்தான். ஆபீசு விலாசம் போட்டிருக்கு." திருப்பினார். அனுப்புநர் இடத்தில், குண்டு குண்டாக, முழுப் பேரும் இனிஷியலும். அதற்குக் கீழே ஆஸ்பத்திரியின் பேர், வார்டு, படுக்கை எண். எதையும் மறைக்கவில்லை. "இது நெஞ்சு ஆஸ்பத்திரில்லா? அங்கன வேற சீக்குக்காரங்களயும் போடுதாங்கன்னு பேப்பர்ல படிச்சேனே. இவருக்கு என்னவாம்?"

"டி.பி., அண்ணாச்சி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். இன்லேண்டை என் கையில் தராமல் மேஜையில் போட்டார்.

சன்னலோரம் போய் ஒட்டியிருந்த மடிப்பைப் பிரித்தேன். அங்கே உறுதிச் சீட்டை யாரும் கேட்கவே இல்லையாம். காலண்டர் தாளை நீட்டியபோது அங்கிருந்த டாக்டரம்மா சிரித்துவிட்டு, நாங்களே ரத்தம் பார்த்துக்கொள்வோம், இதற்காகவா இவ்வளவு நாள் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தீர்கள் என்றாராம். வந்த அன்றே டி.பி. மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். வாய்ப்புண் ஆறிவருகிறது. வெளிநாட்டில் மூன்று மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்களாம், கிருமியையே அடக்கி வைக்குமாம். அதை வாங்கிச் சாப்பிட நம் சம்பளம் காணாதாம், வேறு வழி வரும்வரை உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். 'யாரிடமிருந்து வந்தது என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், எழுந்து போகவில்லை. நீயும் ஒரு நடை வந்து பார்த்துக்கொள். பயப்படாதே என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.'

கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார். 'இரண்டு மாதத்தில் டூட்டிக்கு வந்துவிடுவேன். என் அலமாரியை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவை.'

சொல்வதற்காகத் திரும்பினேன். அண்ணாச்சி மேஜையில் இல்லை. பின்பக்கக் குழாயடியில், லைஃபாய் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.